பாடலிபுத்திரப் பள்ளித் தலைவர்கள்: ஒரு பட்டியலும் கொஞ்சம் கடுப்பும்

டிஸ்கி: நீளமான பதிவு. சைவ அன்பர்களும் சமண அபிமானிகளும் பகுத்தறிவு நண்பர்களும் பாதியிலேயே சண்டைக்கு வந்துடாம, முழுசாப் படிச்சுட்டு வரவும். மூணு பேருக்கும் இதுல பங்கு இருக்கு :-)

கொஞ்ச நாளா நம்ம பதிவர்கள் நடுவுல ஒரு பட்டியல் சுத்திக்கிட்டு இருக்கு. "பாடலிபுத்திர சமணப் பள்ளியின் தலைவர்கள்" அப்படின்னு தலைப்பு. கீழ ஏழு பேர். சமந்தபத்திரர், சர்வநந்தி, வச்சிரநந்தி, கனகநந்தி, புட்பநந்தி, சுனகநந்தி, தருமசேனர். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஆண்டுக் கணக்கு வேற. போப்பாண்டவர் வரிசை மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கு. யார் முதல்ல போட்டாங்கன்னு தெரியலை. ஒருத்தர் பதிவுலேர்ந்து இன்னொருத்தர், அவர்கிட்டேர்ந்து வாட்சப், வாட்சப்லேர்ந்து மறுபடியும் ஒரு பதிவு. நன்றி சொல்லிப் போட்டவங்க கூட எதுலேர்ந்து எடுத்தோம்னு சொல்லலை.

தெரியாதவங்களுக்கு: இந்தப் பாடலிபுத்திரம் பீகார்ல இருக்கிறது இல்லை. நம்ம கடலூர். திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரத்துக்கு வடமொழியில பாடலி. ஊருக்கும் அதுவே பேராச்சு, கோயில் சாமியும் பாடலீசுவரர் ஆனார். அங்க ஒரு பெரிய சமணப் பள்ளி இருந்துச்சு, நாவுக்கரசர் சைவத்துக்குத் திரும்பறதுக்கு முன்னாடி தருமசேனர்ங்கற பேர்ல அங்கதான் இருந்தார்னு பெரியபுராணம் சொல்லுது. நெய்வேலியிலேர்ந்து ஒரு மணி நேரம் பஸ். அப்பர் பிறந்த திருவாமூரும், அவரோட அக்கா திலகவதியார் இருந்த திருவதிகையும் பண்ருட்டிப் பக்கம், இன்னும் கிட்ட.

இப்ப என் சண்டை என்னன்னு சொல்லிடறேன். அந்தப் பள்ளியோட தலைவர்கள்ல நமக்குப் பேர் தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பேரும் அவர் அங்க இருந்ததால நிலைக்கலை, அங்கிருந்து போனதால நிலைச்சுது. மத்த பேரெல்லாம் போச்சு. இதை ஏத்துக்கறதுக்கு நமக்கு மனசு வரமாட்டேங்குது. அதனால ஒரு கோஷ்டி காலியிடத்தை எச்சில் தொட்டு ஒட்டின பேர்களால நிரப்புது. இன்னொரு கோஷ்டி காலியா இருக்கு, அதனால அங்க மனுஷங்களே இல்லை, வில்லன்கள்தான் இருந்தாங்கன்னு கதை சொல்லுது.

பட்டியலை ஒவ்வொண்ணாப் பிரிப்போம்.

சமந்தபத்திரர். பெரிய ஆள், ஆப்தமீமாம்சை எழுதினவர், சந்தேகமே இல்லை. அவரைக் கடலூருக்குக் கொண்டாந்தது எப்படின்னா, சிரவணபெளகொளாவுல மல்லிசேனர் நினைவா 1129ல வெட்டின கல்வெட்டு ஒண்ணு இருக்கு. அதுல சமந்தபத்திரர் சொல்றதா ஒரு சுலோகம். முதல்ல பாடலிபுத்திர நகரத்துல வாதுக்கு முரசு அடிச்சேன், அப்புறம் மாளவம், சிந்து, டக்க நாடு, காஞ்சி, விதிசைன்னு ஊர் ஊராப் போறார், கடைசியா கரஹாடகம் வந்து நிக்கறார். காஞ்சி வருதே, அப்ப பாடலிபுத்திரம் நம்ம ஊருதான்னு சிலர் வாதாடியிருக்காங்க. இருக்கலாம். ஆனா பாடலிபுத்திரம், மாளவம், சிந்துன்னு வரிசையாப் படிக்கிறவனுக்கு எந்தப் பாடலிபுத்திரம் முதல்ல ஞாபகம் வரும்? அப்படியே கடலூர்னே வச்சுக்குங்க, முரசு அடிச்சு வாதுக்குக் கூப்பிட்டவர் எப்படி அந்த ஊர்ப் பள்ளிக்குத் தலைவர் ஆவார்? வெளியூர்லேர்ந்து வந்து சவால் விடறவன்தானே முரசு அடிப்பான்!

அடுத்து சர்வநந்தி. இங்க விஷயம் கொஞ்சம் கனம், பொறுமையாப் படிங்க. லோகவிபாகம்னு ஒரு சமண உலகியல் நூல். நம்ம கையில இருக்கிறது சிம்மசூரி பிற்காலத்துல சமஸ்கிருதத்துல மாத்தி எழுதினது. அந்த நூலோட முடிவுல, இதைப் பாணராட்டிரத்துல பாடலிகம்ங்கற ஊர்ல சர்வநந்தி முனிவர் முன்னே எழுதினார்னு ஒரு குறிப்பு. சனி உத்திராடத்துல, குரு ரிஷபத்துல, சந்திரன் உத்திரத்துல இருந்தப்பன்னு கிரக நிலை வேற கொடுத்திருக்கு. காஞ்சி அரசன் சிம்மவர்மனோட 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380. கி.பி. 458. பல்லவர் காலக்கணக்குக்கு இது எவ்வளவு பெரிய கொழுகொம்புன்னு சரித்திரம் படிச்சவங்களுக்குத் தெரியும். எண்களை இடமதிப்போட, பூஜ்யத்தோட எழுதினதுக்கான பழைய சான்றுகள்ல ஒண்ணுன்னு கணித வரலாற்றுக்காரங்களும் இதைத் தூக்கி வச்சுக்கறாங்க.

ஆனா அந்தக் குறிப்பு சர்வநந்தியை எங்கயாவது பள்ளித் தலைவர்னு சொல்லுதா? இல்லை. முனிவர்னு சொல்லுது. எழுதினார்ங்கறதே இயற்றினாரா, படியெடுத்தாரான்னு சண்டை இருக்கு. பாடலிகம் நம்ம பாதிரிப்புலியூர்தான்னு அறிஞர்கள் பலர் ஒத்துக்கிட்டாலும், பாணராட்டிரம்னா வாணர் நாடுன்னு எடுத்தா அது வட ஆற்காட்டுப் பக்கம் போயிடுது. கடலூர்ல ஒரு சமணத் துறவி 458ல உக்காந்து வானத்தைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கார்ங்கறதே எனக்குப் புல்லரிக்கிற விஷயம். அந்த ஊர்தானான்னு ஒரு கேள்விக்குறியோட சொன்னாக்கூடப் புல்லரிப்பு குறையலை. அவருக்கு எதுக்குங்க நாம ஒரு தலைவர் பதவியையும் சேர்த்து மாட்டணும்?

வச்சிரநந்தி ரெண்டு பேர் இருக்காங்க, பட்டியல்காரர் எந்த ஆளைப் பிடிச்சார்னு தெரியலை. ஒருத்தர் மதுரையில திராவிட சங்கம் தொடங்கினவர். தேவசேனர் 10ஆம் நூற்றாண்டுல எழுதின தரிசனசாரம் சொல்ற ஆள். இன்னொருத்தர் காஞ்சிபுரத்துப் பருத்திக்குன்று வச்சிரநந்திக் குரவர். பள்ளன்கோயில் செப்பேட்டுல பல்லவன் சிம்மவர்மன் இவருக்கு அமண்சேர்க்கைங்கற ஊரைப் பள்ளிச்சந்தமாக் கொடுத்தது இருக்கு. மதுரை, காஞ்சி. கடலூர் எங்க வந்துச்சு?

இனிமேதான் வேடிக்கை. கனகநந்தி, புட்பநந்தி, சுனகநந்தி. இந்த மூணு பேரும் எங்கேர்ந்து வந்தாங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், சட்டுனு பிடிபட்டுச்சு. ஞானசம்பந்தர் மதுரையில பாடின ஆலவாய்ப் பதிகம், மூணாம் திருமுறை. அதுல சமணர்களைக் கிண்டல் பண்றதுக்காக நந்தி நந்தின்னு முடியற பேர்களையும், சேனன் சேனன்னு முடியற பேர்களையும் வரிசையா அடுக்குவார் பிள்ளை. கனகநந்தி, புட்பநந்தின்னு நிஜமாவே சமணர்கள் வைக்கிற பேருக்கு நடுவுல எதுகைக்கு இடிக்கிற மாதிரி சுனகநந்தின்னு ஒண்ணைச் சொருகியிருப்பார். சுனகம்னா நாய்ங்க! எதிராளியைத் திட்டறதுக்காக ஒருத்தர் கட்டின பேரை எடுத்து, மரியாதையோட "ஆறாவது தலைவர் சுனகநந்தி அடிகள்"னு போட்டு, ஆட்சிக்காலம் வேற குறிச்சிருக்கோம் நாம. சமணப் பெருமை பேசற பதிவுல! சம்பந்தர் பார்த்திருந்தா இன்னொரு பதிகம் பாடியிருப்பார்.

அதே பதிகத்துல சேனன் வரிசையில ஒரு தருமசேனனும் வர்றார். கவனிங்க. சம்பந்தர் மதுரைக்குப் போற காலத்துல நம்ம அப்பர் சைவர் ஆகி வருஷக்கணக்காச்சு. அப்ப இந்தத் தருமசேனன் வேற ஆள், இல்லை சும்மா பொதுவா அடிச்ச பேர். சமணத் துறவிகள்ல அந்தப் பேர் அப்படிப் புழக்கத்துல இருந்த பேர். நம்ம கையில மிஞ்சின ஒரே பேரும் ஊர்ல நாலு பேருக்கு இருந்த பேர்தான்.

அந்த ஒரு பேரை நமக்குக் கதையோட கொடுக்கிறவர் சேக்கிழார். ரெண்டாம் குலோத்துங்கன் காலம், 12ஆம் நூற்றாண்டு. நடந்ததாச் சொல்ற சம்பவத்துக்கும் அவருக்கும் நடுவுல ஐந்நூறு வருஷம். மருள்நீக்கியார் பாடலிபுத்திரம் போனார், சமண நூல் எல்லாம் கத்தார், அவங்க தலைமைப் பொறுப்பு கொடுத்து தருமசேனர்னு பேர் வச்சாங்க, பௌத்தர்களை வாதுல ஜெயிச்சார், சூலை நோய் வந்துச்சு, அக்காவைத் தேடி ராத்திரியோட ராத்திரியாத் திருவதிகைக்கு வந்துட்டார். அப்பர் தன்னோட பாட்டுலயே தான் சமணர்களோட இருந்ததையும், தலைமயிரைப் பறிச்சுக்கிட்டதையும், அதுக்காக வருத்தப்படறதையும் திரும்பத் திரும்பச் சொல்றார். அதனால அங்க அவர் இருந்தார்ங்கறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. பதவி, பேர், வாது எல்லாம் சேக்கிழார் வாக்கு.

அப்பருக்கு முன்னாடி தலைவர் யார்? அவரை வரவேத்துப் படிப்பு சொல்லிக் கொடுத்த ஆசிரியர் யார்? அவர் போனப்புறம் அந்த இடத்துல உக்காந்தவர் யார்? அந்தப் படிப்பு சாதாரணப் படிப்பா இருந்திருக்காது. அப்பர் தமிழைப் பார்த்தாலே தெரியும், யாரோ ஒரு நல்ல வாத்தியார் அங்க இருந்திருக்கார். தேவாரம் படிச்சுக் கண்ணுல தண்ணி விடற சைவ அன்பர்களே, உங்க நாவுக்கரசருக்கு எழுத்தையும் தர்க்கத்தையும் வருஷக்கணக்காப் பயிற்றுவிச்ச அந்த ஆளோட பேர் தெரியலையேன்னு ஒரு நாளாவது உங்களுக்கு உறுத்தியிருக்கா? பெரியபுராணத்துல அந்தத் துறவிகள் கூட்டமாத்தான் பேசறாங்க. கூட்டமா வருத்தப்படறாங்க, கூட்டமா ராஜாகிட்ட கோள் சொல்றாங்க. தனியா ஒரு முகம் கிடையாது. சேக்கிழாரைக் குத்தம் சொல்லலை, அவர் எழுத வந்தது தொண்டர் வரலாறு. ஆனா நாம 2000த்துக்கு அப்புறமும் அவரோட கூட்டத்தை அப்படியே கூட்டமாவே வச்சுக்கிட்டு "வஞ்சகச் சமணர்கள்"னு பதிவு போட்டா, அதுக்குப் பேர் பக்தி இல்லை.

ஞாபகம் எவ்வளவு ஒரு பக்கமாச் சாயும்னு பார்க்கணும்னா கடலூருக்கே போங்க. அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டாங்க, அவர் மிதந்து வந்து கரையேறினார்னு கதை. அந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம்னே பேர் இருக்கு. வருஷா வருஷம் விழா. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததாச் சொல்ற சம்பவத்துக்கு ஒரு குப்பம் பேர் சுமக்குது. பள்ளி இருந்த தெரு எது? அதுக்கு ஒரு சந்து கூடப் பேர் சுமக்கலை.

இங்க ஒரு அயல்நாட்டு உதாரணம், பொறுத்துக்கோங்க. அயர்லாந்துல ஸ்லேன்னு ஒரு சின்ன ஊர். அந்தக் காலத்துல அது ஒரு குட்டி மறைமாவட்டம், பிற்பாடு மீத் மறைமாவட்டத்துல கரைஞ்சு போச்சு. அங்க முதல் ஆயர் எர்க். 6ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல செத்துப் போனார்னு அல்ஸ்டர் ஆண்டேட்டுல இருக்கு. ஏறக்குறைய நம்ம சர்வநந்திக்கு அடுத்த ரெண்டு தலைமுறை. அவருக்கப்புறம் அந்த மடத்துல யார் யார் செத்தாங்கன்னு அந்த ஏட்டுல அங்கங்க ஒரு வரி. 950ல டப்ளின்ல இருந்த வைகிங்குகள் ஸ்லேன் மணிக்கூண்டை எரிக்கிறாங்க. நிறுவனரோட செங்கோல் போச்சு, நல்ல மணி போச்சு, உள்ள மாட்டிக்கிட்ட ஆட்களும் போனாங்க. அதுல மடத்து ஆசிரியர் ஒருத்தர், பேர் கேனஹர். அவர் என்ன பாடம் நடத்தினார், எப்படி இருப்பார், ஒண்ணும் தெரியாது. ஆனா பேர் இருக்கு. எரிஞ்சு போன வருஷம் இருக்கு. இன்னொரு விஷயம், பழைய காலத்து வரிகள்ல சிலது பின்னால எழுதிச் சேர்த்ததுன்னு அந்த ஊர் அறிஞர்களே அடையாளம் காட்டி வச்சிருக்காங்க. சேர்த்ததைச் சேர்த்ததுன்னு சொல்றதால அவங்களுக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் ஆகலை.

சரி, நம்ம ஆட்கள் எழுதி வைக்கலையா? வச்சாங்க. கொஞ்சம் வடக்க போய்ப் பாருங்க. செஞ்சிக்குப் பக்கத்துல திருநாதர்குன்று. பாறையில 24 தீர்த்தங்கரர்கள், பக்கத்துல சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட இடம்னு ஒரு கல்வெட்டு. ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு எழுத்து. பின்னால இளையபட்டாரர்னு இன்னொருத்தர், 30 நாள். வந்தவாசிப் பக்கம் வேடல்ல கனகவீரக் குரத்தியார்னு ஒரு அம்மா, பெண் ஆசிரியர். முதலாம் ஆதித்த சோழன் காலத்துல, 9ஆம் நூற்றாண்டு கடைசியில, அவங்களுக்கு 500 மாணாக்கர். ஏதோ தகராறு வந்து, அவங்களைக் காப்பாத்திச் சோறு போடறது எங்க பொறுப்புன்னு உள்ளூர்க்காரங்க கல்லுல வெட்டிக் கொடுத்திருக்காங்க. கழுகுமலைக்குப் போனா ஆசிரியர் பேரும் மாணாக்கர் பேரும் பாறை முழுக்க.

அப்ப கடலூருக்கு மட்டும் என்ன சாபம்? எனக்கு ஒரு கணக்கு இருக்கு. நெய்வேலிக்காரனுக்குத்தான் இது சட்டுனு தோணும். நான் சொன்ன அத்தனை ஊரும் பாறை ஊர். கருங்கல் குன்று இருக்கு, படுக்கை வெட்டலாம், பேர் வெட்டலாம். நம்ம பக்கத்துப் பூமியில கருங்கல் ஏது? நிலக்கரிக்கு மேல கிடக்கிற அடுக்குக்கு நிலவியல்காரங்க வச்ச பேரே கடலூர் மணற்பாறை. பேர்தான் பாறை. சுரங்கத்துல சக்கரத்துல வாளி கட்டின ராட்சச மெஷின் அதைக் கேக் மாதிரி வழிச்சுப் போடும். கடலூர் கேப்பர் மலையைப் போய்ப் பாருங்க, செம்மண் மேடு, மழை பேஞ்சா அரிச்சு ஓடும். இதுல எவன் போய்ப் பேர் வெட்டுவான்? வெட்டினாலும் எத்தனை மழைக்குத் தாங்கும்? பள்ளி கட்டினாலும் செங்கல்லும் மரமும்தான். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுல, செங்கல் இல்லாம மரம் இல்லாம உலோகம் இல்லாம சுதை இல்லாமக் கோயில் எடுத்தேன்னு பெருமையாக் கல்வெட்டு வச்சான்னா, அதுவரைக்கும் எல்லாரும் அதுலதான் கட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு அர்த்தம். பேர் அழிஞ்சதுக்குக் காரணம் தேடி உடனே ராஜாவோட கடப்பாரைக்குப் போகறதுக்கு முன்னாடி, மண்ணையும் மழையையும் கொஞ்சம் பாருங்கன்னு சொல்றேன்.

கடப்பாரைன்னதும் பகுத்தறிவு நண்பர்கள் நிமிர்ந்து உக்காருவாங்க. வாங்க. "மகேந்திரவர்மன் பாடலிபுத்திரப் பல்கலைக்கழகத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, எட்டாயிரம் சமணர்களைக் கழுவேற்றி, அந்தக் கற்களால் திருவதிகையில் கோயில் கட்டினான்". ஒரே வரியில எத்தனை ஊரைக் கலக்கறீங்க! கழுவேத்தம் கதை மதுரை, பாண்டியன், சம்பந்தர். அதுக்கும் கடலூருக்கும் சம்பந்தம் இல்லை. அதையே நீலகண்ட சாஸ்திரி கட்டுக்கதைன்னு ஒதுக்கிட்டார். திருவதிகைச் செய்தி சேக்கிழார் சொல்றது. காடவ அரசன் பாடலிபுத்திரத்துப் பள்ளியையும் பாழியையும் இடிச்சுக் கொண்டாந்து குணதரவீச்சரம் எடுத்தான்னு சொல்றார். ராஜா பேரை மகேந்திரன்னு அவர் சொல்லலை. கல்லுன்னும் சொல்லலை. குணபரன்ங்கறது மகேந்திரனோட பட்டப்பேர், திருச்சிக் குடைவரைக் கல்வெட்டுல அவன் வேற வழியிலேர்ந்து லிங்க வழிபாட்டுக்குத் திரும்பினதா ஒரு சிலேடை இருக்கு, இதை எல்லாம் சேர்த்துத் தைச்சு நாமதான் மகேந்திரன்னு முடிவு கட்டினோம். தையல் நல்லாத்தான் இருக்கு. குணபரவீச்சரம்ங்கற பேர்ல திருவதிகையில இன்னிக்கும் ஒரு சின்னக் கோயில் இருக்கு. செங்கல்லை வண்டியில ஏத்திக் கெடிலக்கரை ஓரமாக் கொண்டு போறதும் நடக்காத காரியம் இல்லை. நடந்தே இருக்கலாம். நடந்திருந்தா அது அராஜகம்தான், சந்தேகமில்லை. ஆனா பல்லவன் கல்வெட்டு ஒண்ணு கூட அதைச் சொல்லலை, ஐந்நூறு வருஷம் கழிச்சு அதைச் சாதனையா நினைச்சு ஒருத்தர் பாடறார். இவ்வளவுதான் சரக்கு. பெரியபுராணத்துல அற்புதம் வர்ற பக்கமெல்லாம் "புருடா"ன்னு கிழிச்சுட்டு, இடிச்ச பக்கத்தை மட்டும் தொல்லியல் அறிக்கை மாதிரி ஃப்ரேம் போட்டு மாட்டறது எந்த ஊர் பகுத்தறிவுங்க?

இன்னொண்ணு. மகேந்திரனோட தமிழ்நாட்டுல சமணம் துடைச்சு எறியப்பட்டுச்சுன்னு எழுதறீங்க. அவன் செத்துப் பத்துப் பதினஞ்சு வருஷத்துல காஞ்சிப் பக்கத்தைப் பத்தி எழுதின சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நிர்க்கிரந்தர்கள் அதாவது சமணர்கள் அங்க நிறையன்னு குறிச்சு வச்சிருக்கார். வேடல் அம்மாவோட 500 மாணாக்கர் அதுக்கு ரெண்டரை நூற்றாண்டு அப்புறம். பருத்திக்குன்றத்துல விஜயநகர அமைச்சர் இருகப்பர் மண்டபம் கட்டினது 14ஆம் நூற்றாண்டு, அதுவும் தன்னோட சமணக் குரு புட்பசேனர் சொல்லி. மேல்சித்தாமூர்ல இன்னிக்கும் மடம் இருக்கு, மடாதிபதி இருக்கார். பட்டத்துக்கு வர்றவர் எல்லாரும் லட்சுமிசேனர்தான், பட்டியல்காரங்களுக்கு அங்க வேலை சுலபம் :-) நயினார்னு பேர் போட்டுக்கற தமிழ்ச் சமணர்கள் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கமெல்லாம் விவசாயம் பார்த்துக்கிட்டு, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நம்ம டவுன்ஷிப்லயே உங்க கூட ஷிஃப்ட் பார்த்திருப்பாங்க. "அழிந்துபோன இனம்"னு நீங்க கண்ணீர் விடற பதிவை அவங்களும்தான் படிக்கிறாங்க.

"நெய்வேலிக்காரனுக்கு எதுக்கு இந்த வேலை, ஊரே 1956க்கு அப்புறம் வந்தது"ன்னு ஒரு நண்பர் போன பதிவுல கேட்டிருந்தார். அதனாலதான்யா வேலை. ஜம்புலிங்க முதலியார் 1930கள்ல கிணறு தோண்டினப்ப கறுப்பாப் பொருள் வந்ததுலேர்ந்துதான் இந்த ஊருக்குச் சரித்திரம்னு இங்க பிள்ளைங்க நினைக்குது. சுரங்கத்துல நிலக்கரிக்கு மேல இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே பேர், ஓவர்பர்டன். மேல்சுமை. கிராமம், முந்திரித் தோப்பு, ஐயனார் கோயில், மணல், களிமண் எல்லாம் அதுல அடக்கம். வழிச்சுக் கொட்டினா ஒரு மலை. அந்த மலையிலேர்ந்து எது எந்த ஊர்னு யாரும் சொல்ல முடியாது. நம்ம சரித்திரப் பதிவுகளும் அப்படித்தான் இருக்கு. மதுரை, காஞ்சி, சிரவணபெளகொளா, கடலூர், கிண்டல், கல்வெட்டு, புராணம் எல்லாத்தையும் வழிச்சு ஒரே மேட்டுல கொட்டி, மேல ஒரு பட்டியலை நட்டு வச்சாச்சு. நாளைக்கு எவனாவது ஒரு ஆராய்ச்சி மாணவன் உண்மையிலேயே பாதிரிப்புலியூர்ல ஒரு ஓட்டுத் துண்டுல ஒரு ஆசிரியர் பேரைக் கண்டுபிடிச்சுட்டு வந்தா, "இது ஏழு பேர்ல இல்லையே"ன்னு அவனையே மடக்குவாங்க.

மயிலை சீனி வேங்கடசாமி 1954ல சமணமும் தமிழும் வெளியிட்டார். ஊர் ஊரா எங்க சமணச் சின்னம் இருக்குன்னு குறிச்சு வச்ச மனுஷன். கூகுள் இல்லை, போட்டோ இல்லை, மானியம் இல்லை. பார்த்ததைப் பார்த்தேன், கேட்டதைக் கேட்டேன்னு பிரிச்சு எழுதினார். நமக்கு அத்தனை வசதியும் கையில இருக்கு, சுனகநந்திக்குப் பட்டாபிஷேகம் பண்ணிக்கிட்டு இருக்கோம்.

அந்தப் பட்டியலை என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அழிக்க வேணாம். நடுவுல தருமசேனர்னு ஒரு வரி போடுங்க, பக்கத்துல "சேக்கிழார் சொன்னபடி"ன்னு எழுதுங்க. அதுக்கு மேல ஒரு வரி, "இவருக்குப் பாடம் சொன்னவர்", பேர் இடத்துல கோடு. கீழ ஒரு வரி, "இவர் போனபின் இருந்தவர்", கோடு. சர்வநந்தியைத் தனியா, 458, கேள்விக்குறியோட ஓரத்துல வைங்க. சமந்தபத்திரரையும் வச்சிரநந்திகளையும் அவங்கவங்க ஊருக்கு மரியாதையா பஸ் ஏத்தி அனுப்பிடுங்க. மத்த மூணு பேரைச் சம்பந்தர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க.

ரெண்டாவது பேர் யாருக்காவது கிடைச்சா, எந்த ஊர்க் கல்வெட்டு, எந்த வருஷ அறிக்கை, என்ன எண்ணுன்னு சேர்த்துப் பின்னூட்டத்துல போடுங்க. பண்ருட்டிப் பலாப்பழம் ஒண்ணு, நல்ல பழமா நானே தட்டிப் பார்த்து வாங்கி, என் செலவுலயே அனுப்பி வைக்கறேன். பழம் சித்திரை, வைகாசியிலதான் நல்லா இருக்கும், அதையும் மனசுல வச்சுக்கிட்டுக் கண்டுபிடிங்க.